கருப்பட்டி ஏன் ஆரஞ்சு கலர்ல தெரிஞ்சது? வாகைகுளம் ஏர்போர்ட்டில் ஒரு பாடம்

"இந்த பேக் யாரோடது?"

எக்ஸ்ரே மெஷின் பக்கத்தில் நின்ற சார் கேட்டதும், வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னோடதுதான். ஆனா வாயைத் திறந்தா சத்தம் வரல. கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் சொல்ற மாதிரி கையை மட்டும் தூக்கினேன்.

அது என் முதல் ஃப்ளைட். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு. மறுநாள் காலையில் சென்னையில் ப்ராஜெக்ட் டெமோ. வழக்கம்போல முத்துநகர் எக்ஸ்பிரஸில் போறதாத்தான் பிளான். வெயிட்டிங் லிஸ்ட் கடைசி வரைக்கும் நகரவே இல்ல. சித்தப்பா ஃபோன்ல, "ராத்திரி பூரா பஸ்ஸுல உக்காந்துட்டுப் போயி நீ அங்க என்னத்தப் பேசப் போற? நான் ஃப்ளைட் டிக்கெட் போடுதேன்"னு சொல்லிட்டார். அப்படித்தான் வாகைகுளம் விலக்கில் இறங்கினேன். திருநெல்வேலி பஸ்ஸில் எத்தனையோ தடவை அந்த வழியாப் போயிருக்கேன், உள்ளே போனதில்ல.

என் ப்ராஜெக்ட் பத்தி ரெண்டு வரி சொல்லணும், இல்லன்னா கதை புரியாது. உப்பளப் பாத்தியில் மிதக்குற ஒரு பிவிசி டப்பா அது. உப்புத் தண்ணியோட அடர்த்தியை அளந்து ஃபோனுக்கு அனுப்பும். எங்க அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். கண்ணாடிக் குழாயைக் கையில் வெச்சுக்கிட்டு, வெயில்ல பாத்தி பாத்தியா நடந்து டிகிரி பார்ப்பாங்க. 25 டிகிரி வந்தா உப்பு படிய ஆரம்பிக்கும். 29, 30-ஐத் தாண்ட விட்டா மெக்னீசியம் உப்பும் சேர்ந்து கசந்துடும். அந்த நடையைக் குறைக்கலாமேன்னு நினைச்சதுதான் ஐடியா. டப்பாவுக்குள்ள ஒரு இஎஸ்பி32 போர்டு, சென்சார், கலர் கலரா ஜம்பர் ஒயர். அப்புறம் நாலு 18650 லித்தியம் செல்.

இப்ப அம்மா பக்கம் வருவோம். சென்னையில் தங்கப் போறது அத்தை வீட்டில். "வெறுங்கைய வீசிட்டா போவ?"ன்னு கேட்டு, உடன்குடிக் கருப்பட்டி ரெண்டு கிலோ, ஒரு பெட்டி மக்ரூன், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நாலு பாக்கெட். எல்லாம் பெரிய பையில் போச்சு.

கவுண்டரில் பையை எடை போட்டா 16 கிலோவைத் தாண்டுது. எனக்கு அனுமதி 15. அதோட கவுண்டரில் இருந்த அக்கா, "பவர் பேங்க், ஸ்பேர் பேட்டரி, லைட்டர், தீப்பெட்டி ஏதாவது இருக்காம்மா?"ன்னு கேட்டாங்க. செல் இருக்குன்னேன். "அதெல்லாம் கையிலதான் கொண்டு போகணும்." சரின்னு தரையில் உட்கார்ந்து பையைப் பிரிச்சு, செல்லை எடுத்தேன். பேட்டரி வந்தா போர்டும் கூடவே வரட்டும்னு அதையும் எடுத்தேன். எடை குறைக்கணுமே, கருப்பட்டியையும் எடுத்தேன். மூணையும் தோள்பையில் ஒண்ணுமேல ஒண்ணா திணிச்சேன். சின்ன ஸ்க்ரூடிரைவர் மட்டும் பெரிய பையிலேயே இருந்தது. அது தற்செயலா நடந்த நல்லது. கூர்மையான டூல்ஸ் எல்லாம் செக்-இன் பையில்தான் போகணும்.

அஞ்சு நிமிஷத்தில் நான் செஞ்சு வெச்ச காரியத்தை எக்ஸ்ரே ஸ்க்ரீனில் பாருங்க: ஒரு சர்க்யூட் போர்டு, சுத்தி ஒயர், நாலு பேட்டரி, எல்லாத்துக்கும் அடியில் அடர்த்தியான ரெண்டு கிலோ கட்டி. சினிமாவில் ஹீரோ சிவப்பு ஒயரா நீல ஒயரான்னு யோசிப்பாரே, அந்த சீன்தான்.

சார் பையைத் திறந்தார். போர்டை எடுத்து ஒரு ட்ரேயில் வெச்சார். "இது என்ன?" சொன்னேன். நாக்கு குழறுச்சு, ஆனா சொல்லிட்டேன். வைவாவை விடக் கஷ்டமான வைவா. செல்லை எண்ணிப் பார்த்தார். அப்புறம் நியூஸ்பேப்பரில் சுத்தின கட்டியைப் பிரிச்சார். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "உடன்குடியா?"ன்னார். தலையாட்டினேன். மூணையும் தனித்தனி ட்ரேயில் வெச்சு மறுபடி பெல்ட்டில் விட்டாங்க. இந்தத் தடவை ஒண்ணும் சொல்லல. மொத்தம் ஏழு நிமிஷம் ஆகியிருக்கும். எனக்கு ஒரு செமஸ்டர் மாதிரி இருந்தது.

போர்டும் ஒயரும் சந்தேகம் கிளப்பினது புரியுது. ஆனா கருப்பட்டி? கேட்டில் உட்கார்ந்ததும் ஃபோனை எடுத்துத் தேட ஆரம்பிச்சேன். சென்னையிலிருந்து வந்த பிறகும் விடல. நம்ம ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினியரிங் ஃபிசிக்ஸ்ல எழுதிட்டு மறந்த விஷயங்கள்தான் அங்க வரிசையா நிக்குது. அதனாலதான் இந்தக் கட்டுரை.

மெஷின் பார்க்கிற நிறம்

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே கறுப்பு வெள்ளை. ஏர்போர்ட் எக்ஸ்ரே கலர். அந்தக் கலர் பொருளோட உண்மையான நிறம் கிடையாது, கணக்குப் போட்டு கம்ப்யூட்டர் பூசுறது.

ஒரு பொருள் வழியா எக்ஸ்ரே போகும்போது முக்கியமா ரெண்டு விதமா அது இழக்கப்படுது. ஒண்ணு ஒளிமின் உட்கவர்தல், அதாவது ஃபோட்டோஎலெக்ட்ரிக் விளைவு. குறைஞ்ச ஆற்றல் எக்ஸ்ரேயில் இதுதான் ராஜா. இது அணு எண்ணோட மூணாவது அடுக்குக்கு ஏத்தபடி கூடும். கார்பனுக்கு 6, இரும்புக்கு 26. ரெண்டையும் வகுத்து மூணாவது அடுக்குக்கு உயர்த்தினா 80-ஐத் தாண்டும். எடைக்கு எடை பார்த்தா இரும்பு அத்தனை மடங்கு அதிகமா விழுங்குது. இன்னொண்ணு காம்ப்டன் சிதறல். கூடுதல் ஆற்றலில் இது ஜெயிக்கும். இதுக்கு அணு எண் பெருசா முக்கியமில்ல, எத்தனை எலெக்ட்ரான் நெருக்கமா இருக்குங்கறதுதான் முக்கியம். அதாவது கிட்டத்தட்ட அடர்த்தி.

இப்ப ஒரே பையை ரெண்டு ஆற்றலில் அளந்தா? ரெண்டு சமன்பாடு, ரெண்டு தெரியாத எண். தீர்த்தா ஒவ்வொரு புள்ளியிலும் இருக்கிற பொருளோட 'எஃபெக்டிவ் அணு எண்' கிடைக்கும். டூயல் எனர்ஜி எக்ஸ்ரேன்னு சொல்றது இதைத்தான். பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் ரெண்டு அடுக்கு டிடெக்டர் இருக்கும். முதல் அடுக்கு குறைஞ்ச ஆற்றலைப் பிடிக்கும், அதைத் தாண்டி வர்றதை ரெண்டாவது அடுக்கு பிடிக்கும்.

அணு எண் சுமார் 10-க்குக் கீழே இருந்தா ஆரஞ்சு. இதில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் சேர்ந்த எல்லாமே வரும்: சாப்பாடு, துணி, பேப்பர், பிளாஸ்டிக், சோப்பு. 10-லிருந்து 18 வரை பச்சை: அலுமினியம், கண்ணாடி, உப்பு. அதுக்கு மேல நீலம்: இரும்பு, செம்பு, மத்த உலோகம். எக்ஸ்ரே ஊடுருவவே முடியாத அளவு தடிமனா இருந்தா கறுப்பு. கறுப்பு வந்தா கண்டிப்பா பை திறக்கப்படும்.

நம்ம ஊர் சாமான்களை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். செம ஜாலியா இருந்தது. உப்புங்கறது சோடியம் குளோரைடு, 11-ம் 17-ம் சேர்ந்தது. எஃபெக்டிவா சுமார் 15 வரும். முத்து? கால்சியம் கார்பனேட். அதுவும் 15-க்குப் பக்கத்தில்தான். சங்கும் அப்படியே. ஆக முத்துக்குளித்துறையில் இருந்து போற முத்தும், முள்ளக்காட்டு உப்பும் அந்த மெஷினுக்கு ஒரே பச்சை. விலை வித்தியாசம் எல்லாம் நமக்குத்தான்.

மக்ரூன் ஆரஞ்சு, ஆனா வெளிறின ஆரஞ்சு. முட்டை வெள்ளைக்கருவை நுரையா அடிச்சு, சீனியும் முந்திரியும் சேர்த்து சுடுறது. உள்ளே பாதி காத்து. கடலைமிட்டாய் அதே ஆரஞ்சு, ஆனா கொஞ்சம் அடர்த்தி. கருப்பட்டி சுத்தமான சர்க்கரைக் கட்டி, தண்ணியை விட ஒன்றரை மடங்கு கிட்ட அடர்த்தி. ஆகவே கும்முன்னு அடர் ஆரஞ்சு. பிரச்சினை என்னன்னா, வெடிமருந்துகளும் கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன்தான். அவையும் ஆரஞ்சு. அவையும் அடர்த்தி. மெஷினைப் பொறுத்தவரை என் அம்மா கட்டிக் கொடுத்த கருப்பட்டிக்கும் அதுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ரொம்ப சின்னது. அதனால அந்த இடத்தில் மெஷின் ஒதுங்கிக்கிட்டு மனுஷனைக் கூப்பிடுது. பையைத் திறக்கச் சொன்னா அதுக்கு அர்த்தம் 'நீ குற்றவாளி' இல்ல, 'ஸ்க்ரீனில் பதில் இல்ல'. இது அன்னைக்கே தெரிஞ்சிருந்தா என் கை அவ்ளோ நடுங்கியிருக்காது.

லேப்டாப்பைத் தனி ட்ரேயில் வைக்கச் சொல்றதும் இதுக்குத்தான். பேட்டரி, செம்பு, அலுமினியம்னு அடுக்கடுக்கா இருக்கிற லேப்டாப் பெரிய கேடயம் மாதிரி. அதுக்குக் கீழே எது இருந்தாலும் கலங்கிப் போகும். ப்ராஜெக்ட் போர்டு கொண்டு போறவங்களும் அதையே செய்யுங்க. கேட்கிறதுக்கு முன்னாடியே எடுத்துத் தனி ட்ரேயில் வைங்க, ஒரு பேப்பரில் ப்ராஜெக்ட் பேரும் காலேஜ் பேரும் எழுதி டப்பா மேல ஒட்டிடுங்க. காலேஜ் ஐடியும் கையில் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு எக்ஸ்ரே பட்டா கெட்டுப் போகுமான்னு அத்தை கேட்டாங்க. போகாது. எக்ஸ்ரே ஊடுருவிப் போயிடும், பொருளைக் கதிரியக்கமா மாத்தாது. அந்த மக்ரூனை நான் அவங்க முன்னாடியே சாப்பிட்டுக் காட்டினேன்.

கொலுசு கேஸ்

பை உள்ளே போய்க்கிட்டு இருந்தப்போ நான் மெட்டல் டிடெக்டர் வாசலுக்குள்ள நடந்தேன். பீப். வாட்ச், பெல்ட், ஃபோன் எல்லாம் ஏற்கனவே ட்ரேயில். பக்கவாட்டில் கீழே ஒரு லைட் மட்டும் எரிஞ்சது. கால். கொலுசு.

அந்த வாசலோட ரெண்டு பக்கத் தட்டிக்குள்ளேயும் கம்பிச் சுருள்கள் இருக்கு. அதில் சின்னச் சின்னத் துடிப்பா கரண்ட் பாயுது. ஒவ்வொரு துடிப்பும் காந்தப்புலத்தை உண்டாக்கி டப்புன்னு நிக்குது. காந்தப்புலம் மாறினா பக்கத்தில் இருக்கிற கடத்தியில் மின்னோட்டம் தூண்டப்படும். ஃபாரடே விதி, பன்னிரண்டாம் வகுப்பு. அந்தச் சுழல் மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். துடிப்பு நின்ன பிறகும் அது கொஞ்ச நேரம் வாலாட்டிக்கிட்டு இருக்கும். அந்த வாலைத்தான் மெஷின் அளக்குது. நல்ல கடத்தின்னா வால் நீளம்.

உலோகங்களிலேயே மின்சாரத்தை அதிகமாக் கடத்துறது வெள்ளி. என் கால்ல இருந்தது வெள்ளிக் கொலுசு. அது போதாதுன்னு வளையம் வேற. கொக்கி மாட்டினா முழுச் சுற்று. தூண்டல் பாடத்தில் வர்ற கம்பிச் சுற்றை நானே காலில் கட்டிட்டுப் போயிருக்கேன்! தட்டி மேலிருந்து கீழ்வரை பல மண்டலமாப் பிரிச்சிருக்கிறதால எந்த உயரத்தில் உலோகம் இருக்குன்னு லைட் காட்டிடுது.

பீப் வந்தாலும் வராட்டியும் நம்ம நாட்டில் அதுக்கப்புறம் கைக்கருவியால் ஒரு சோதனை உண்டு. பெண்களுக்குத் திரை போட்ட தனி இடம், பெண் காவலர்தான். எல்லாருக்கும் உண்டுங்கறதால அதைத் தனி அவமானமா எடுத்துக்க வேண்டியதில்ல. எனக்கு முன்னாடி போன பாட்டிக்கு அது தெரியாம, தாலிக்கொடியைக் கழட்டணுமோன்னு பயந்து கழுத்தைப் பொத்திக்கிட்டே நின்னாங்க. "கழட்ட வேண்டாம் ஆச்சி, கையை மட்டும் விரிங்க"ன்னு உள்ளே இருந்த அக்கா சொன்ன பிறகுதான் அவங்க மூச்சு விட்டாங்க.

சில பேர் கையிலோ பையிலோ ஒரு துண்டுத் துணியால் துடைச்சு இன்னொரு மெஷினில் வைப்பாங்க, பார்த்திருப்பீங்க. அது வெடிமருந்தோட மிக நுண்ணிய துகளைத் தேடுறது. துணியைச் சூடாக்கி, வர்ற ஆவியை அயனியாக்கி, மின்புலத்தில் ஒரு குழாய் வழியா ஓட விட்டு, எது எத்தனை மில்லி செகண்டில் வந்து சேருதுன்னு பார்க்கும். கனமான அயனி மெதுவா வரும், லேசானது வேகமா. உரம் கையாண்ட கை, சில வகை கிரீம் பூசின கை எல்லாம் இதில் தப்பான அலாரம் கொடுக்க வாய்ப்பு இருக்கு. அலாரம் அடிச்சா பதறாம, என்ன தொட்டோம்னு உண்மையைச் சொன்னாப் போதும்.

பெட்டி ஏறினா ஆள் ஏறணும்

என்னைப் பார்த்த அந்த சார் இருக்கிற இடத்தில் இருந்து யோசிச்சுப் பார்த்தேன். ஆயிரம் பையில் ஆயிரத்திலும் ஒண்ணும் இருக்காது. ஆனாலும் ஒவ்வொரு பையையும் இருக்குங்கற மாதிரிப் பார்க்கணும். 2005-ல் நேச்சர் இதழில் ஜெரமி உல்ஃப் குழுவினர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. தேடுற பொருள் பாதிப் படங்களில் இருந்தப்போ ஆட்கள் 7 சதவீதத்தைத்தான் தவறவிட்டாங்க. அதே பொருள் 100 படத்தில் ஒண்ணில் மட்டும் இருந்தப்போ 30 சதவீதத்தைத் தவறவிட்டாங்க. அபூர்வமா வர்றதை மூளை 'இல்ல'ன்னு முடிவு பண்ணிடுது. இதுக்கு மருந்தா ஒரு சாஃப்ட்வேர் வெச்சிருக்காங்க. நிஜப் பையோட படத்துக்குள்ள, இல்லாத ஆயுதத்தோட படத்தை அதுவா அப்பப்போ செருகும். பார்க்கிறவர் பட்டனை அழுத்திப் பிடிக்கணும். பிடிச்சாரா விட்டாரான்னு பதிவாகும். வேலை நேரம் முழுக்க சர்ப்ரைஸ் டெஸ்ட்! ஐரோப்பிய விதிப்படி ஒருத்தர் தொடர்ந்து 20 நிமிஷத்துக்கு மேல அந்த ஸ்க்ரீனைப் பார்க்கிறதில்ல.

இவ்வளவு கெடுபிடி எங்க இருந்து வந்ததுன்னா, ஒவ்வொரு விதிக்குப் பின்னாடியும் ஒரு தேதி இருக்கு. அதில் ஒண்ணு நம்ம சென்னையில். 1984 ஆகஸ்ட் 2, மீனம்பாக்கம். கொழும்பு விமானத்துக்குன்னு ஒருத்தர் பெட்டிகளைக் கொடுத்துட்டு, தான் ஏறாமலேயே போயிட்டார். பெட்டியில் குண்டு. முனையத்துக்குள்ளேயே வெடிச்சு 30-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. ஒரு வருஷம்கூட ஆகல. 1985 ஜூன் 23, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேல வெடிச்சுச் சிதறி 329 பேர் இறந்தாங்க. அதிலும் அதே முறை: பெட்டி ஏறுச்சு, ஆள் ஏறல.

நாம கேட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தர் பேரைத் திரும்பத் திரும்ப மைக்கில் கூப்பிடுறாங்களே, எரிச்சலா இருக்கும். அவர் வரலன்னா விமானத்தின் வயிற்றைத் திறந்து அவர் பெட்டியைத் தேடி இறக்கிட்டுத்தான் கிளம்பணும். அந்த விதியோட விலை இந்த ரெண்டு தேதிகள்தான். கனிஷ்காவுக்குப் பிறகு, 1987 ஏப்ரல் 1-ல் விமானப் பாதுகாப்பைப் பார்க்கிற பிசிஏஎஸ் தனித் துறையாச்சு. 1999 டிசம்பர் 24-ல் காத்மாண்டுவிலிருந்து கிளம்பின ஐசி 814 கடத்தப்பட்டது. அதுக்கப்புறம் 2000-லிருந்து ஏர்போர்ட் பாதுகாப்பு ஒவ்வொண்ணா சிஐஎஸ்எஃப் கைக்குப் போக ஆரம்பிச்சது, முதலில் ஜெய்ப்பூர்.

ஒரு சின்ன விலகல். சோதனை நம்ம கடற்கரைக்குப் புதுசு இல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், படகு கரைக்கு வந்ததும் சிப்பி முழுவதையும் அரசாங்கத்தின் வேலி போட்ட வளாகத்துக்குள்ளதான் இறக்கணும். அதுக்குக் 'கொட்டு'ன்னு பேர். மூணில் ரெண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளிச்சவங்களுக்கு. கடலிலேயே சிப்பியைப் பிளந்து முத்தை ஒளிச்சிடக் கூடாதுன்னு காவல் வேற. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு வரிசை 1955-லிருந்து 1961 வரை நடந்தது. அங்க காவல் இருந்தது அரசாங்கத்தோட பங்கைக் காப்பாத்த. மூச்சடக்கிக் குளிச்ச ஆளைக் காப்பாத்த இல்ல. ஏர்போர்ட் வரிசையில் நிக்கும்போது எனக்கு இந்த வித்தியாசம் கொஞ்சம் ஆறுதலா இருந்தது. இங்க சோதிக்கிறவங்க காப்பாத்துற லிஸ்ட்டில் நானும் இருக்கேன்.

பேட்டரி மட்டும் ஏன் கூடவே?

ஆபத்தான பொருள்னா விமானத்தின் அடியில், ஆள் இல்லாத இடத்தில் போடுறதுதானே புத்திசாலித்தனம்? நானும் அப்படித்தான் நினைச்சேன். நேர்மாறு.

லித்தியம் செல்லுக்குள் ஷார்ட் ஆச்சுன்னா சூடு ஏறும். சூடு வேதிவினையை வேகமாக்கும், அது இன்னும் சூட்டைக் கொடுக்கும். தெர்மல் ரன்அவே. ஒரு செல் பத்தினா பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கும். சரக்கு அறையில் தீயணைக்க ஹாலன் வாயு இருக்கும். அது வெளியே தெரியிற தீயை அடக்கும், ஆனா செல்லுக்குள்ள நடக்குற வினையைக் குளிர வைக்காது. கேபினில் நடந்தா புகை உடனே தெரியும், பணிப்பெண்கள் தண்ணியை ஊத்திக் குளிர வைக்க முடியும். கண்ணு முன்னாடி இருக்கிற ஆபத்து பரவாயில்லங்கறதுதான் லாஜிக்.

அதுகூட முழு உத்தரவாதம் இல்ல. 2025 ஜனவரி 28-ல் தென் கொரியாவில் ஏர் பூசான் விமானம் ஒண்ணு, கிளம்புறதுக்கு முன்னாடி தரையில் நிக்கும்போதே தீப்பிடிச்சது. தலைக்கு மேல இருக்கிற அறையில் இருந்த பவர் பேங்க் காரணமா இருக்கலாம்னு விசாரணையில் சொன்னாங்க. எல்லாரும் தப்பிச்சுட்டாங்க, விமானத்தின் மேற்கூரை எரிஞ்சு போச்சு. அதனால பவர் பேங்க்கை மேல போட்டுட்டு மறக்காம, கைக்கு எட்டுற இடத்தில் வைங்க.

கணக்கு சுலபம். எம்ஏஎச்-ஐ 1000-ஆல் வகுத்து வோல்ட்டேஜால் பெருக்கினா வாட்-அவர். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க், 3.7 வோல்ட்: 74 வாட்-அவர். எல்லை 100. அதுக்கு மேல 160 வரைக்கும் விமான நிறுவனத்தோட அனுமதி வேணும். என் செல் ஒண்ணு 2600 எம்ஏஎச், 3.6 வோல்ட், நாலும் சேர்ந்து 38-கூட வராது. அளவில் பிரச்சினை இல்ல. ஆனா நான் செஞ்ச தப்பு வேற: முனையில் டேப் ஒட்டாம, வீட்டுச் சாவியோட ஒரே பாக்கெட்டில் போட்டிருந்தேன். சாவி ரெண்டு முனையையும் தொட்டா ஷார்ட் சர்க்யூட். இன்ஜினியரிங் படிக்கிற பிள்ள செய்யிற வேலையா இது? சோதனை செஞ்ச சார் கேட்கல, நானே கேட்டுக்கிட்டேன். அவரே ஒரு துண்டு டேப் கொடுத்தார்.

இதே மாதிரி நம்ம ஊர்க்காரங்க மாட்டிக்கிற இன்னொண்ணு தேங்காய். கொப்பரை சர்வதேச ஆபத்துச் சரக்குப் பட்டியலில் தானாகத் தீப்பிடிக்கும் வகையில் இருக்கு. அதில் இருக்கிற எண்ணெய் காத்தில் ஆக்சிஜனோட சேர்ந்து சூடாகும். நெருக்கி அடைச்சு வெச்சா சூடு வெளியே போகாது. நம்ம துறைமுகத்தில் சரக்கு பார்க்கிறவங்களுக்கு இது பழைய சேதி. முழுத் தேங்காயையும் கைப்பையில் விடுறதில்ல. சபரிமலை சீசனுக்காக 2022 நவம்பரில் பிசிஏஎஸ் இருமுடித் தேங்காய்க்குத் தனியா சலுகை கொடுத்தது, அதுவும் சோதனைக்குப் பிறகு. கோவில்பட்டி ஆளுங்க ஞாபகம் வெச்சுக்கோங்க: கடலைமிட்டாய் ஏறும், தீப்பெட்டி ஏறாது. மிளகாய்ப்பொடியைக் கைப்பையில் வைக்காம செக்-இன்ல போட்டுடுங்க.

அப்புறம் அந்த விமானம்

ரெண்டு பக்கமும் காத்தாடி சுத்துற ஏடிஆர் 72. "இதுவா?"ன்னு கொஞ்சம் ஏமாற்றம். ஆனா காரணம் இருக்கு. வாகைகுளத்தின் பழைய ஓடுபாதை நீளம் 1350 மீட்டர். முழு எடையில் ஏடிஆருக்கு சுமார் 1300 மீட்டர் போதும். ஏர்பஸ் ஏ320-க்கு 2000 மீட்டருக்கு மேல வேணும். அதனாலதான் இத்தனை வருஷமா நமக்குச் சின்ன விமானம். 2025 ஜூலை 26-ல் பிரதமர் திறந்து வெச்ச புது முனையத்தோட சேர்ந்து ஓடுபாதையை 3115 மீட்டரா நீட்டுறதும் அந்தத் திட்டத்தில் அடக்கம். முனையம் கட்ட மட்டும் இல்லாம மொத்த வேலைக்கும் சேர்த்து சுமார் 450 கோடி. நம்ம வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு: சூடான காத்து அடர்த்தி கம்மி, இறக்கைக்குத் தூக்குவிசை கம்மி, ஓட வேண்டிய தூரம் கூடும். என் பையில் ஒரு கிலோ கூடினதுக்கு அந்த அக்கா ஏன் அவ்ளோ கறாரா இருந்தாங்கன்னு அப்பதான் யோசிச்சேன்.

ஏடிஆரில் பின்பக்கக் கதவு வழியாத்தான் ஏறணும். முன்பக்கம் சரக்கு அறை. தரையில் நடந்து, நாலு படி ஏறினா சீட். பஸ்ஸில் ஏறுற மாதிரியே இருந்தது, பயம் பாதி போச்சு. மேல போனதும் காது அடைச்சது. எச்சில் முழுங்கினேன், விட்டது. கேபின் காத்தழுத்தம் கடல்மட்டத்தின் முக்கால் பங்கு அளவுக்குக் குறையலாம். சீல் பண்ணின கடலைமிட்டாய் பாக்கெட் தலையணை மாதிரி உப்பியிருந்தது. பாயில் விதிக்கு இதைவிட நல்ல டெமோ கிடையாது.

ஜன்னல் வழியா உப்பளம் தெரிஞ்சது. கீழே இருந்து பார்த்தா முடிவே இல்லாத வெள்ளை வெளி. மேல இருந்து பார்த்தா கட்டம் கட்டமா, ஒவ்வொரு பாத்தியும் ஒவ்வொரு நிறம்; சில பாத்தி வெள்ளை, சிலது பழுப்பு, சிலது இளஞ்சிவப்பு. தண்ணியோட டிகிரி கூடக் கூட நிறம் மாறுது. சென்சார் இல்லாமலே மேல இருந்து டிகிரியை ஓரளவு ஊகிக்கலாம் போல. ஃபோட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன், இறங்கின பிறகுதான் போச்சு. "நம்ம பாத்தி எதுன்னு தெரியலயே பிள்ள"ன்னு பதில் வந்தது.

டெமோ நடந்தது. செகண்ட் ரவுண்டோட வெளியே வந்துட்டோம், அது வேற கதை. திரும்பி வரும்போது சென்னையில் செல் முனைகளில் டேப், போர்டு தனி ட்ரேயில், அத்தை கொடுத்த பலகாரம் எல்லாம் செக்-இன்ல. பையைத் திறக்கல. கொலுசு மட்டும் மறுபடி கத்துச்சு.